அந்த வெட்கம் யாருடையது?

‘வெட்கமான கடந்த காலம்’ உள்ள வேதாகமப் பெண்கள் என்று ராகாப், பத்சேபாள், தாமார் ஆகியோரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதில் ராகாபைப் பற்றி எழுதியது மனதைத் தொட்டது. எரிகோ நகரில் இஸ்ரவேலரின் ஒற்றர்களை ஒளித்து வைத்தவள் தன் உயிரை மட்டும் கேட்கவில்லை. தகப்பன், தாய், சகோதரர், சகோதரிகள் எல்லோருக்காகவும் மன்றாடினாள் (யோசுவா 2). நகரம் அழிந்தபோது அவர்கள் அத்தனை பேரும் பிழைத்தது அவள் வீட்டுக்குள் இருந்துதான். இந்த இடத்தை இன்னும் விரித்து எழுதியிருக்கலாம்.

ஆனால் பத்சேபாளையும் தாமாரையும் ‘வெட்கமான கடந்த காலம்’ உள்ளவர்கள் வரிசையில் சேர்த்ததை என்னால் ஏற்க முடியவில்லை. இன்னொருவன் மனைவியான பத்சேபாளை அழைத்துவர ஆள் அனுப்பியது தாவீது ராஜா. தீர்க்கதரிசி நாத்தான் வந்து கண்டித்ததும் ராஜாவைத்தான். அப்புறம் தாமார்: அவள் தன்னிலும் நீதியுள்ளவள் என்று அவள் மாமனார் யூதாவே ஒப்புக்கொண்டான் (ஆதியாகமம் 38:26). பெண்கள் கூட்டங்களில் பேசுகிறவர்கள் தயவுசெய்து இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.