கேட்காமல் பிடித்த சந்தா

சங்கத்தில் சேராத அரசு ஊழியரின் சம்பளத்திலும் சங்கத்துக்காகப் பணம் பிடிக்கலாமா என்பதுதான் அமெரிக்காவின் ஜேனஸ் வழக்கு. நம் தொழிற்சங்க நண்பர்களிடம் அதைப் பற்றிப் பேச்செடுத்தால், "சங்கத்தை ஒழிக்க முதலாளிகள் போட்ட வழக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதில் பொய்யில்லை. 2015-இல் வழக்கைத் தொடங்கியவர் இல்லினாய் மாநில ஆளுநர் புரூஸ் ரௌனர். (அங்கே ஆளுநர் என்றால் தேர்தலில் ஜெயித்து வருகிறவர், நம்மூர் முதல்வர் மாதிரி.) பெரும் பணக்காரர், அரசு ஊழியர் சங்கங்களோடு அவருக்கு ஏழாம் பொருத்தம். ஆனால் அவர் பையிலிருந்து ஒரு காசும் பிடிக்கப்படாதபோது அவர் எப்படி வழக்குப் போட முடியும்? அதனால் மார்க் ஜேனஸ் என்ற அரசு ஊழியர் முன்னால் வந்தார். பின்னணி இவ்வளவும் உண்மை. ஆனாலும் அந்த ஒரு வரியோடு நாம் நிறுத்திக்கொண்டால் நஷ்டம் நமக்குத்தான்.

ஜேனஸ் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. இருந்தும் மாதம் 44 டாலர் 58 சென்ட் அவர் சம்பளத்தில் பிடித்தம் ஆனது. உறுப்பினர் கட்டும் சந்தாவில் அது 78.06 சதவீதம். இதற்குச் சொல்லப்பட்ட நியாயம் எனக்கு இன்றும் சரியாகவே படுகிறது. சங்கம் பேசி வாங்கும் ஊதிய உயர்வு உறுப்பினருக்கு மட்டும் வருவதில்லை, சங்கமே வேண்டாம் என்கிறவர் கணக்கிலும் அதே நாளில் ஏறுகிறது. உறுப்பினர் அல்லாதவரையும் பாரபட்சமில்லாமல் பிரதிநிதித்துவம் செய்ய வேண்டும் என்பது அங்கே சட்டக் கடமை. செலவு எல்லோருக்குமாக ஆகிறது என்றால் எல்லோரும் பங்கு தரட்டும், சங்கத்தின் அரசியல் செலவுக்கு மட்டும் உறுப்பினர் அல்லாதவரிடம் கை நீட்டக்கூடாது. டெட்ராய்ட் ஆசிரியர்கள் போட்ட அபூட் வழக்கில், 1977-இல் உச்ச நீதிமன்றம் போட்ட கோடு இதுதான்.

கோடு நல்ல கோடுதான். அதன் இந்தப் பக்கம் எவ்வளவு, அந்தப் பக்கம் எவ்வளவு என்று கணக்குப் போட்டது யார்? அங்கேதான் வினை.

சிகாகோ ஆசிரியர் சங்கம் 1982-83-இல் போட்ட கணக்கைப் பாருங்கள். உறுப்பினரான ஆசிரியருக்கு மாதச் சந்தா 17.35 டாலர். உறுப்பினர் அல்லாதவருக்கு 16.48. வித்தியாசம் 87 சென்ட். செலவில் 95 சதவீதம் பேச்சுவார்த்தை, ஒப்பந்த வேலை போன்றவற்றுக்குத்தான் போகிறது என்று சங்கமே முடிவு செய்துகொண்டது. எப்படி வந்தது இந்த 95 என்று பணம் கொடுத்தவருக்கு முன்கூட்டி எந்த விளக்கமும் இல்லை. ஆட்சேபணை இருந்தால் முதல் பிடித்தம் ஆன 30 நாளுக்குள் சங்கத் தலைவருக்குக் கடிதம் எழுத வேண்டும். அதைப் பரிசீலிப்பது சங்கத்தின் செயற்குழு. அதில் திருப்தியில்லை என்றால் மேல்முறையீடு, அதுவும் சங்கத்தின் நிர்வாகக் குழுவிடம். அதிலும் தோற்றால் ஒரு நடுவர். அந்த நடுவரைத் தேர்ந்தெடுப்பது? சங்கத் தலைவர்! திருடன் வீட்டிலேயே பஞ்சாயத்து என்று ஓர் ஆசிரியைக்குத் தோன்றியிருந்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? ஆனி ஹட்சன் என்ற அந்த ஆசிரியையும் சிலரும் வழக்குப் போட்டார்கள். 1986-இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவர்கள் பக்கம் நின்றார்கள். கணக்கை முன்னால் காட்டு, சங்கத்துக்கு வெளியே இருக்கும் நடுநிலையாளரிடம் சீக்கிரம் விசாரணை நடத்து, தகராறில் உள்ள தொகையைத் தனியாக ஒதுக்கி வை என்றது தீர்ப்பு.

பாடம் அப்போதே கிடைத்துவிட்டது. ஆனால் சங்க வக்கீல்கள் அதன்பின் எந்தச் செலவு எந்தப் பக்கம் என்று சதவீதச் சண்டை போட்டார்களே தவிர, "நீ ஏன் சேரவில்லை?" என்று அந்த ஊழியரின் மேஜைக்குப் போய்க் கேட்க ஆளில்லாமல் போயிற்று. அதற்கு அவசியமும் இல்லையே, காசுதான் மாதாமாதம் வந்துகொண்டிருந்ததே!

2018 ஜூன் 27 அன்று ஜேனஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தன் பழைய அபூட் தீர்ப்பைக் கவிழ்த்தது. அரசோடு பேசும் ஊதியமும் ஓய்வூதியமும் பொதுப்பணம் பற்றியவை, ஆகவே அந்தப் பேச்சே அரசியல்தான், ஊழியர் தெளிவாகச் சம்மதிக்காமல் ஒரு காசும் பிடிக்கக்கூடாது என்று எழுதினார் நீதிபதி அலிட்டோ. இந்த வாதத்தின் முதல் பாதியை என்னால் ஏற்க முடியாது. ஓசியில் பயன்பெறுகிறவரைக் காப்பாற்ற பேச்சுரிமையைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிரதிநிதித்துவக் கடமை சங்கத்தின் தலையில் அப்படியே இருக்க, அதற்கான பங்கு மட்டும் போய்விட்டது. சம்மதம் கேள் என்ற இரண்டாம் பாதி வேறு. அதை நீதிமன்றம் சொல்லித்தானா சங்கம் செய்ய வேண்டும்?

அப்புறம்தான் பணத்தைத் திருப்பிக் கேட்கும் படலம். ஜேனஸ் கேட்டது ஏறத்தாழ 3,000 டாலர். அவரைப் போலப் பல மாநிலங்களில் பலர் கிளம்பினார்கள். 2019 நவம்பரில் ஏழாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. அன்றைக்கு இருந்த மாநிலச் சட்டத்தையும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் நம்பி நல்லெண்ணத்தோடு வாங்கிய பணம், திருப்பித் தர வேண்டியதில்லை என்றது. 2021-இல் உச்ச நீதிமன்றமும் அந்த மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள மறுத்தது. என்னைக் கேட்டால் இது சரி. அந்த ஆண்டுகளில் சங்கம் பேசி வாங்கிய சலுகைகளை ஜேனஸும் அனுபவித்தார், அவற்றை யாரும் திருப்பிக் கேட்கவில்லையே.

என் வருத்தம் அதற்குப் பிறகு நடந்ததில்தான். வாஷிங்டன் மாநிலத்தில் சில ஊழியர்கள் சங்கத்தை விட்டு விலகினார்கள். ஆனால் பிடித்தம் நிற்கவில்லை. அவர்கள் கையெழுத்திட்ட அட்டையில், ஆண்டுக்கு ஒருமுறை வரும் சில நாட்களில் மட்டுமே பிடித்தத்தை நிறுத்தச் சொல்லலாம் என்று இருந்தது. 2020-இல் நீதிமன்றமும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்று சங்கத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. சட்டப்படி வெற்றி, சரி. போகிறேன் என்று எழுதிக்கொடுத்தவரிடம் இன்னும் சில மாதச் சந்தாவைக் கறந்து என்ன கண்டார்கள்? அந்த ஆளின் வாழ்நாள் பகையைத்தான்.

இது நமக்கும் தூரத்து விஷயம் இல்லை. இந்தியத் தொழிற்சங்கச் சட்டம் 1926-லேயே அரசியல் நிதியைத் தனியாக வை, அதற்குப் பணம் தரும்படி உறுப்பினரைக்கூடக் கட்டாயப்படுத்தாதே, தராதவரைச் சங்கப் பலன்களிலிருந்து ஒதுக்காதே என்று சொல்லிவிட்டது. ஆனால் ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தாகி அரியர்ஸ் வரும்போது அதிலிருந்து சங்கத்துக்கென்று லெவி (தனி வசூல்) பிடிக்கிறோமே, அங்கே நாம் எப்படி நடந்துகொள்கிறோம்? வேண்டாம் என்கிறவர் எழுதிக்கொடுக்கட்டும் என்று சுற்றறிக்கை ஒட்டிவிட்டு, யாரும் எழுதாததைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிற கிளைகளை எனக்குத் தெரியும். அந்த லெவி எதற்குச் செலவானது என்று ஒரு பக்கக் கணக்கு கேட்டால் முகம் சுளிக்கிற நிர்வாகிகளையும் தெரியும்.

அடுத்த ஒப்பந்தத்துக்கு முன் சம்மதப் படிவத்தையும் போன லெவியின் வரவு செலவையும் சேர்த்தே கொடுப்போம் என்று எங்கள் கூட்டத்தில் சொன்னேன். "அப்படிக் கேட்டா பாதிப் பேர் தரமாட்டான் தோழர்" என்றார் ஒரு மூத்தவர். அப்படியானால் அந்தப் பாதிப் பேரின் பெயர்ப் பட்டியல் நமக்கு இப்போதே வேண்டும் என்றேன். யார் யாரிடம் போய்ப் பேச வேண்டும் என்பதாவது தெரியுமே.