அந்த எச்சரிக்கை நமக்குத்தான்

சுனாமி நினைவு நாள் கூட்டத்தில் ஒரு பிரசங்கியார் பேசிய காணொளியை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள்; அந்தச் சொற்களை மறுபடியும் இங்கே எழுத எனக்கு மனமில்லை. கடலோர மக்களின் பாவத்துக்குத் தேவன் கொடுத்த தண்டனை அது என்று சொன்னவர், ஆதாரமாக லூக்கா 13-ஆம் அதிகாரத்தைத் திறந்ததுதான் என்னை அதிகம் வருத்தியது. அங்கே இயேசு சொன்னது இதற்கு நேர் எதிரானது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தார்களே, எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிட அவர்கள் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்லி, மனந்திரும்பாவிட்டால் நீங்களும் கெட்டுப்போவீர்கள் என்று எதிரே நின்றவர்களை நோக்கிச் சொன்னார். வேதத்தின் எச்சரிக்கை முதலில் அதை வாசிக்கிறவனுக்கு உரியது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

யூதாவை ஆண்ட யோசியா ராஜா, நியாயப்பிரமாண புஸ்தகத்தின் எச்சரிக்கை வாசிக்கப்படக் கேட்டவுடன் துக்கத்தில் தன் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டான். தனக்காகவும் ஜனத்துக்காகவும் கர்த்தரிடத்தில் விசாரிக்கச் சொல்லி ஆள் அனுப்பினான். அவன் மகன் யோயாக்கீமோ குளிர்கால அரமனையில் உட்கார்ந்துகொண்டு, எரேமியா தீர்க்கதரிசியின் எச்சரிக்கைகள் எழுதிய சுருள் வாசிக்கப்பட வாசிக்கப்பட அதை அறுத்து எதிரே எரிந்த நெருப்பில் போட்டான். நாம் சுருளை எரிப்பதில்லை. அதில் அடுத்தவர் பெயரை எழுதிவிடுகிறோம். இரண்டிலும் நம் வஸ்திரம் கிழியாமல் தப்பிவிடுகிறது.

காவற்காரன் எக்காளம் ஊத வேண்டாமா என்று சிலர் எசேக்கியேல் 33-ஐக் காட்டுவார்கள். ஊதத்தான் வேண்டும். ஆனால் பட்டயம், அதாவது எதிரியின் வாள், வருவதைக் கண்டவன், மக்கள் தப்பும்படி, அது வருமுன்னே ஊதுகிறான். அடக்கம் முடிந்து ஆண்டுகள் பல கழிந்தபின் கல்லறைமேல் நின்று ஊதுவதற்கு அந்த அதிகாரத்தில் இடமில்லை. துன்மார்க்கனின் மரணத்தில் தமக்குப் பிரியமில்லை என்று தேவன் சொல்வதும் அதே அதிகாரத்தில்தான். கிறிஸ்து வந்தபின் இது கிருபையின் காலம், இனி எச்சரிக்கையே கிடையாது என்பவர்கள், வெளிப்படுத்தின விசேஷத்தில் லவோதிக்கேயா சபைக்கு எழுதப்பட்ட கண்டிப்பை வாசிக்கட்டும். அது சபைக்கு வந்த கடிதம்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் வேளாங்கண்ணிக்கு ஜெபிக்க வந்தவர்களும் உண்டு. கிறிஸ்துமஸுக்காக மகனோடு அங்கே போன என் சித்தி தனியாகத் திரும்பினார். அந்த வாரமே வீட்டுக்கு ஆறுதல் சொல்ல வந்த ஒரு போதகர், நீங்கள் அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கிறதா என்று அவரிடம் கேட்டார். பாலூட்டி வளர்த்த பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? அதன்பின் சித்தி எந்த ஆலயத்துக்கும் போகவில்லை. ஜெபித்துக்கொண்டிருந்த ஒருத்தியை ஆலயத்துக்கு வெளியே நிறுத்தியது கடல் அல்ல, நாம்தான்.

ஊழியக்காரரைக் குறை சொல்லக்கூடாது என்பதற்காக, 'அபிஷேகம் பண்ணப்பட்டவர்களைத் தொடாதே' என்று எனக்கு எழுதுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 105-ஆம் சங்கீதத்தில் அந்த வார்த்தை, நாடோடிகளாய் அலைந்த கொஞ்சம் பேருக்குத் தீங்கு செய்யாதபடி ராஜாக்களுக்குச் சொல்லப்பட்டது. மேடையும் ஒலிபெருக்கியும் உள்ளவரைக் காப்பாற்ற அதை எடுத்துவருகிறீர்கள். பிள்ளையை இழந்தவளுக்காக ஒரு வசனத்தையும் எடுக்கவில்லை. அப்போஸ்தலனாகிய பவுல் சொன்னதையே வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பெரோயா பட்டணத்தாரை அப்போஸ்தலர் நடபடிகள் பாராட்டுகிறது. நான் எந்தச் சபை, எனக்கு இரட்சிப்பின் அனுபவம் உண்டா என்றெல்லாம் விசாரிக்கிறீர்கள். அந்த 18 பேரைப் பற்றி மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

அந்தப் பிரசங்கியார் வருகிற ஞாயிறு அதே மேடையில் லூக்கா 13-ஐ ஒன்பதாம் வசனம்வரை வாசிக்கட்டும். கனிகொடாத அத்திமரத்துக்காகத் தோட்டக்காரன் இன்னும் ஒரு வருஷம் கெஞ்சுவது அங்கே வருகிறது. அந்தக் காணொளியைப் பகிர்ந்த நண்பர்கள் தயவுசெய்து அதை நீக்கிவிடுங்கள். உறவினர் ஒருவர் அதைச் சித்திக்கும் அனுப்பியிருக்கிறார்.