'வாழ்த்துகள் தோழர்' போட்டதோடு சரி

நாலு மாதம் முன்பு ஒரு தம்பி தன் முதல் கவிதைத் தொகுப்பின் அட்டையை இங்கே பகிர்ந்திருந்தார். 'மகிழ்ச்சி, வாழ்த்துகள் தோழர்' என்று எழுதி ஒரு ஹார்ட்டும் போட்டேன். அடுத்த வாரமே கையெழுத்திட்ட பிரதி கூரியரில் வந்தது. கவரைக்கூடப் பிரிக்கவில்லை. இத்தனைக்கும் நானும் கவிதை எழுதுகிறவன், என் புத்தகத்தை யாரும் படிப்பதில்லை என்று ஊரெல்லாம் புலம்புகிறவன்.

போன வாரம் மதுரைக்கு பகல் பஸ். கிளம்பும்போது ஏதோ உறுத்தல், அந்தக் கவரைப் பையில் போட்டுக்கொண்டேன். விழுப்புரம் தாண்டியதும் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல்தான் பிரித்தேன். திருச்சி வந்தது தெரியவில்லை.

ஒரு கவிதையை மட்டும் சொல்கிறேன். ரேஷன் கடை. அம்மாவின் கைரேகையை மெஷின் எடுக்கவில்லை. 'விரலைத் தலையில தேய்ச்சுட்டு வைங்கம்மா' என்கிறார் கடைக்காரர். எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் ரேகை விழும், வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். அம்மா தேய்க்கிறாள், வைக்கிறாள், மறுபடி தேய்க்கிறாள். காய்ந்த தலை. மேசைக்கு அந்தப் பக்கம் பாமாயில் பாக்கெட்டுகள் அடுக்கியிருக்கின்றன. அதோடு கவிதை முடிகிறது. வறுமை என்ற சொல்லே கிடையாது. நானாக இருந்தால் கடைசியில் அரசாங்கத்தைத் திட்டி இரண்டு வரி சேர்த்துக் கெடுத்திருப்பேன்.

குறை இல்லாமல் இல்லை. காதல் கவிதைகளில் பாதியைத் தூக்கியிருக்கலாம். அதே மழை, அதே கொலுசு. போனில் சொன்னேன். "தெரியும்ணே, பக்கம் பத்தலைன்னு சேர்த்தேன்" என்று சிரித்தார்.

சி.சு. செல்லப்பா ஞாபகம் வந்தார். 1959-இல் 'எழுத்து' என்ற சிற்றிதழைத் தொடங்கி, முதல் இதழிலேயே ந. பிச்சமூர்த்தியின் கவிதையைப் போட்டவர். 1962-இல் அந்த இதழில் வந்தவற்றிலிருந்து 24 பேரின் 63 கவிதைகளைப் பொறுக்கி 'புதுக்குரல்கள்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார். யாப்பில்லாத இதெல்லாம் கவிதையே இல்லை என்று பண்டிதர்கள் கை கொட்டிச் சிரித்த காலம் அது. மனிதர் விமர்சனமும் எழுதினார், புத்தக மூட்டையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகவும் போனார். அடுத்தவன் கவிதைக்காகத் தோள் வலிக்கச் சுமந்தார். நாமோ விரலை அசைத்தால் போதும். அதையும் ஒரு ஹார்ட்டோடு முடித்துக்கொள்கிறோம். அணிந்துரை கேட்டால் 'தவிர்க்க முடியாத குரல்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறோம். அதில் நானும் சேர்த்தி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தம்பி அடித்ததே நூறு பிரதி. பாதிக்கு மேல் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறதாம். பத்து பிரதி வாங்கினேன். காசு வேண்டாம் என்று அடம்பிடித்தார், ஜிபேயில் அனுப்பிவிட்டுத்தான் சொன்னேன். நாலு போய்விட்டது. ஆறு என் பையில் இருக்கிறது. பெயர், பதிப்பகம் எல்லாம் கீழே அட்டைப் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். விலை 120 ரூபாய். இலவசமாகத் தர மாட்டேன், நண்பர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. அப்புறம், எனக்கு வந்த அந்தக் கையெழுத்திட்ட பிரதியை யாரும் இரவல் கேட்காதீர்கள்.