கால் நீட்டி உட்கார்ந்தால் முதுகு வலிக்காதா?

"க்ரூஸர் வகை மோட்டார் சைக்கிளில் காலை முன்னால் நீட்டி உட்காரலாம், அதனால் எவ்வளவு தூரம் போனாலும் முதுகு வலிக்காது" என்பது பாதிதான் சரி.

கால் முன்னால் போனதும் உடம்பின் எடை பெரும்பாலும் இடுப்பிலும் வால் எலும்பிலும் இறங்குகிறது. சாதாரண வண்டியில் பள்ளம் வந்தால் ஃபுட்ரெஸ்டை மிதித்துச் சீட்டிலிருந்து லேசாக எழுந்துகொள்வோம், முழங்கால் அந்த அடியை வாங்கிக்கொள்ளும். கால் நீட்டி உட்கார்ந்தால் அப்படி எழுவது கஷ்டம். போதாக்குறைக்கு, சீட்டைத் தாழ்த்துவதற்காகப் பல க்ரூஸர்களில் பின் சஸ்பென்ஷனின் அசைவைக் குறைத்திருப்பார்கள். குழியில் விழும் அடி நேராக முதுகுத்தண்டுக்குத்தான் போகும்.

நேரான, நல்ல சாலையில் அந்த வண்டி தரும் சுகமே தனி, அதை நான் மறுக்கவே மாட்டேன். குறைந்த ஆர்பிஎம்மிலேயே, அதாவது இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே, நல்ல இழுவை, அடிக்கடி கியர் மாற்ற வேண்டாம், நீண்ட வீல்பேஸ் (இரண்டு சக்கரங்களுக்கும் இடையிலான தூரம்) வண்டியை ஆடாமல் வைத்திருக்கும். ஆனால் அதே வீல்பேஸ்தான் குறுகலான இடத்தில் யூ டர்ன் போடும்போது படுத்தி எடுக்கும்.

அப்புறம், "சீட் தாழ்வு, அதனால் புதிதாக ஓட்டுபவர்களுக்கு ஏற்றது" என்பதும் பாதிதான் சரி, எடையையும் பார்க்க வேண்டும். ஹோண்டா ரெபெல் 500 சுமார் 190 கிலோ, ஹார்லி டேவிட்சன் ஃபேட் பாய் 300 கிலோவுக்கு மேல். இரண்டிலும் பாதம் தரையில் நன்றாகப் பதியும். சரிவில் நிறுத்திவிட்டுப் பின்பக்கமாக மேலே தள்ளிப் பாருங்கள், வித்தியாசம் கையிலேயே தெரியும்.

வாங்கும் முன் ஒரு மணி நேரமாவது, மோசமான சாலையையும் சேர்த்து, ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.