சம்பளச் சீட்டும் பீரங்கியும்

1826 ஜூன் மாதத்தில் உதுமானியப் பேரரசில் சுல்தானின் நிரந்தரக் காலாட்படையான ஜானிசரிப் படை அழிக்கப்பட்டதை, முரட்டுச் சிப்பாய்களின் பிடியிலிருந்து சீர்திருத்தவாதியான ஒரு சுல்தான் நாட்டை மீட்ட கதையாகவே பெரும்பாலும் படிக்கிறோம். இலங்கை மலையகத்தின் ஹட்டனில் உயர்தர மாணவர்களுக்கு வரலாறு கற்பிக்கும் எனக்கு, அதை அப்படியே பிள்ளைகளிடம் ஒப்படைக்க மனம் வரவில்லை.

அந்தப் படையை உருவாக்கியதே அரண்மனைதான். பால்கன் கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து சிறுவர்களைப் பிடித்துவந்து, மதம் மாற்றி, சுல்தானையன்றி வேறு நாதியில்லாதவர்களாக வளர்த்தார்கள். தொடக்கத்தில் திருமணத்துக்கும் தடை இருந்தது. காலப்போக்கில் தடைகள் தளர்ந்தன, அவர்களுடைய பிள்ளைகளும் படையில் சேர்ந்தார்கள், நாணயத்தின் மதிப்பு சரிந்து சம்பளம் போதாமற்போகவே பலர் கடைத்தெருவில் தொழிலுக்கு இறங்கினார்கள். சம்பளச் சீட்டுகள் விலைக்குக் கைமாறின. போர்முனையையே காணாதவர்களும் இறந்தவர்களின் சீட்டைக் காட்டிச் சம்பளம் வாங்கினார்கள். தோட்டத்தின் வேலைப் பதிவேடான செக்ரோலில் பேர் விழுந்தால்தான் வீட்டில் அடுப்பெரியும் என்பதை அறிந்த நமது தோட்டத்துப் பிள்ளைகளுக்கு, ஒரு பெயர்ப் பட்டியலைத் தொட்டால் ஏன் கலகம் வெடிக்கிறது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

கலகத்தின் அறிவிப்பு, படைப்பிரிவின் சூப்பு அண்டாவைக் கவிழ்ப்பது. 1622இல் பதினேழு வயதான சுல்தான் இரண்டாம் உஸ்மானை அவர்கள் கொன்றார்கள். மாற்றுப் படை திரட்டப்போகிறார் என்ற பேச்சே அதற்குப் போதுமாயிருந்தது. ஐரோப்பியப் பயிற்சி பெற்ற புதிய படையை உருவாக்கிய மூன்றாம் செலிம் 1807இல் பதவியிழந்து, மறு ஆண்டு கொல்லப்பட்டார். படை அவரிடம் இருந்தது. ஆனால் அதற்காக விதித்த வரிகளால் மக்களும், புதுமைகளை வெறுத்த இஸ்லாமிய மார்க்க அறிஞர்களான உலமாக்கள் பலரும் அவருக்கு எதிரே நின்றார்கள்.

1808இல் அரியணையேறிய இரண்டாம் மஹ்மூத் பதினெட்டு ஆண்டுகள் பொறுத்திருந்தார். உலமாக்களை அரவணைத்து, பீரங்கிப் படையைத் தன்வசமாக்கி, ஜானிசரித் தளபதிகள் சிலரையும் தன் பக்கம் இழுத்தபின், அண்டாக்கள் கவிழ்ந்த அன்று அவர்களுடைய குடியிருப்பின் மீதே பீரங்கிகளைத் திருப்பினார். ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

சீர்திருத்தம் தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாகச் சம்பளப் பட்டியலைச் சீரழியவிட்ட அரசு, அந்தக் கணக்கை உயிர்களைப் பறித்துத் தீர்த்ததை வெற்றியென்று கொண்டாட என்னால் முடியாது. தெருவில் இறங்கி சுல்தானைத் தடுக்கக்கூடிய ஒரே ஆயுதபலமும் அன்றோடு ஒழிந்தது. 1828இல் ரஷ்யா போர் தொடுத்தபோது பயிற்சி முற்றாத புதிய படையே எதிரே நின்றது, மறு ஆண்டு எதிர்னே நகரம் ரஷ்யர் வசமானது.