தப்பே பண்ணாம ஜெயில்ல கெடந்தவன விடுதலைன்னு சொல்லி கேட்டைத் தொறந்து விட்டா முடிஞ்சுதா? உள்ள கெடந்த நாளுக்கு நஷ்டஈடு வேணாமா?

பீகார்ல ருதுல் ஷான்னு ஒருத்தர். 1968 ஜூன்லயே கோர்ட் அவர விடுதலை பண்ணிருச்சு, ஆனா ஜெயில்ல இருந்து வெளிய விட்டது 1982 அக்டோபர்ல. பதினாலு வருஷம்ங்க!! 1983ல சுப்ரீம் கோர்ட் அவருக்கு நஷ்டஈடா கொடுக்கச் சொன்னது ஏற்கனவே கொடுத்த 5 ஆயிரம் போக இன்னொரு 30 ஆயிரம். இன்னைக்கும் சட்டம் படிக்கிற புள்ளைங்க அத பெரிய தீர்ப்புன்னு படிக்கிறாங்க, பெரிய தீர்ப்புதான், ஆனா அதுக்கப்புறம் நாப்பது வருஷத்துக்கு மேல ஆகியும் இப்படிப்பட்டவங்க நஷ்டஈட்டுக்குன்னு ஒரு தனிச் சட்டம் வரல.

நம்ம நாகர்கோவில்காரர் நம்பி நாராயணன எடுத்துக்கோங்க. 1994ல உளவு கேஸ்ல அரெஸ்ட், தண்டனைன்னு ஒன்னு கிடைக்கவே இல்ல, கேஸே பொய்னு சிபிஐ சொல்லிருச்சு, அப்படியும் 50 லட்சம் கொடுங்கன்னு சுப்ரீம் கோர்ட் சொல்ல 2018 ஆச்சு. அவர் இஸ்ரோ விஞ்ஞானி, படிச்சவர், விடாம போராடினார். ஒரு கொத்தனார், ஒரு லாரி க்ளீனர் என்ன பண்ணுவான்? வெளிய வரும்போது ரேஷன் கார்டுல பேர் இருக்காது, பொண்டாட்டி நகை வக்கீல் ஃபீஸுக்கு அடகுக் கடைல முழுகிப் போயிருக்கும், விட்டுட்டுப் போன கைக்குழந்தை தாடி வச்ச ஆளா வந்து நிக்கும். அவன்கிட்ட போய் நஷ்டஈடு வேணும்னா இன்னொரு கேஸ் போடுன்னா எப்படிங்க?

குஜராத் அக்ஷர்தாம் கோயில் தாக்குதல் கேஸ்ல தூக்குத் தண்டனை வாங்கினவங்க உட்பட ஆறு பேர 2014ல சுப்ரீம் கோர்ட்டே விடுதலை பண்ணுச்சு, 2016ல நஷ்டஈடு கேட்டு போனாங்க, கிடைக்கல, கொடுத்தா தப்பான முன்னுதாரணம் ஆயிடுமாம். எனக்கு இத ஜீரணிக்கவே முடியல. 2018லயே, அரசுக்கு சட்டத்துல என்ன மாத்தணும்னு யோசனை சொல்ற சட்ட கமிஷன், 277வது ரிப்போர்ட்ல இதுக்கு தெளிவா வழி சொல்லிருச்சு. ஆனா பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலா புதுசா வந்த பிஎன்எஸ்எஸ்ல அது இல்ல. அதுல இருக்கறது காரணமில்லாம ஒருத்தர போலீஸ்ல புடிச்சுக் கொடுத்தா, புடிச்சுக் கொடுத்தவர் கட்ட வேண்டிய தொகை, அதுவும் அதிகபட்சம் 1000 ரூபா.

ஜப்பான்ல ஹகமாடான்னு ஒரு பாக்ஸர், 1966ல அரெஸ்ட் ஆனவர், 2024ல தான் நிரபராதின்னு தீர்ப்பு வந்துச்சு. அங்க ஜெயில்ல இருந்த ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவுன்னு சட்டத்துலயே கணக்கு இருக்கு, உச்சபட்ச தொகையான நாளுக்கு 12,500 யென் போட்டு 21 கோடி யென்னுக்கு மேல கொடுத்தாங்க. போன வாழ்க்கை திரும்பி வராதுதான், ஆனா ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு எழுதி வச்சிருக்காங்க பாருங்க, நான் கேக்குறதும் அதத்தான். விடுதலைன்னு எழுதுற அதே தீர்ப்புல, அதே ஜட்ஜ், எத்தன நாள் உள்ள இருந்தான், அதுக்கு எவ்வளவுன்னு சேர்த்து எழுதணும், காசு கைக்கு வர்றதுக்கும் ஒரு தேதி போடணும்.