மாடி வீட்டு ஏசிக்கு மறுபடியும் கேஸாம்

ராயபுரத்தில் மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கிறேன். வாடகைக்கு விட்டது நான். வாடகையைத் தின்பது அங்கே இருக்கிற ஏசி.

போன கோடையில் "கேஸ் இறங்கிடுச்சு சார்" என்று 2,800 வாங்கிக்கொண்டு போனார் மெக்கானிக். இந்தக் கோடையிலும் அதே வசனம். மூடிய குழாய்க்குள் சுற்றுகிற கேஸ் ஓட்டை இல்லாமல் எப்படி இறங்கும்? மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தேன். அவுட்டோர் யூனிட்டின் அலுமினியத் தகடு விரல் பட்டதும் வெள்ளை மாவாக உதிர்கிறது. காசிமேட்டு உப்புக் காற்று இரும்பு கேட்டையே அரித்துவிடும், இதை விட்டுவைக்குமா? ஓட்டையை அடைக்காமல் கேஸ் போடுவது ஓட்டைக் குடத்தில் லாரித் தண்ணீர் பிடிக்கிற கதைதான்.

இப்போது கேஸ் ஓடுகிற அந்தக் குழாய்ச் சுருளை, அதாவது 'காயிலை' மாற்ற 11 ஆயிரமாம். கம்ப்ரசரும் முனகுகிறதாம், அது தனிக் கணக்கு. மெஷினுக்கு வயது 12. உள்ளே இருப்பது பழைய ஆர்-22 கேஸ். ஓசோனைக் கெடுக்கிறது என்று படிப்படியாக நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள். அதற்குப் பதிலாக இப்போது வருகிற ஆர்-32-வை இந்தப் பழைய மெஷினில் போடவும் கூடாது. புதிது வாங்கலாம் என்றால் மூன்று மாத வாடகை போய்விடும். அதையும் இதே காற்றில்தான் மாட்ட வேண்டும்.

குடியிருப்பவர் நல்ல மனுஷர், அதுதான் வம்பு. சண்டை போட்டால் நானும் போடுவேன். அவரோ, "அண்ணே, குழந்தை ராத்திரி தூங்க மாட்டேங்குது" என்கிறார். சரி, பார்க்கலாம் என்று படி இறங்கினேன். பின்னாலேயே அவர் மனைவியின் குரல்: "அண்ணே, கீசர்லயும் தண்ணி சுடல!"

கீழ் வீட்டில் எனக்கு ஃபேன்தான்.